"எனக்கு சுகர்" சரி, எந்த சுகர்? ஒரு கேள்வியின் வரலாறு

1/
"சுகர் இருக்குங்க டாக்டர்."
பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி... மலையில எந்த ஊர்ல இருந்து வந்தாலும் நம்ம மக்கள் இப்படித்தான் சொல்வாங்க. எனக்கு அடுத்து கேட்கத் தோணுற கேள்வி: "எந்த சுகர்?"
அப்படி ஒரு கேள்வி இருக்குறதே பல பேருக்குத் தெரியாது. இந்தத் திரி அந்தக் கேள்வியோட வரலாறு. கொஞ்சம் நீளம். ஒரு கட்டங்காப்பி போட்டுட்டு வாங்க.

2/
முதல்ல இது ஏன் முக்கியம்னு பார்த்துடுவோம்.
மூணு பேரை கற்பனை பண்ணிக்கோங்க. ஒன்பது வயசுப் பொண்ணு, ஒரு மாசமா இளைச்சுக்கிட்டே வருது. இருபத்திரண்டு வயசுப் பையன், பூண்டுத் தோட்டத்துல கூலி வேலை, சின்ன வயசுல இருந்தே ஒல்லி. நாற்பத்தஞ்சு வயசு ஜீப் டிரைவர், தொப்பை உண்டு. மூணு பேருக்கும் சுகர் 350.
மெஷின்ல வர்ற எண் ஒண்ணுதான். ஆனா வியாதி ஒண்ணா? இல்ல.

3/
அந்தப் பொண்ணுக்கு இன்சுலின் இல்லாம போனா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து. டிரைவருக்கு மாத்திரை, நடை, சாப்பாட்டுல மாற்றம்னு ஆரம்பிக்கலாம். நடுவுல இருக்குற பையன்தான் குழப்பம். அவருக்கு என்ன வகைன்னு தெரியாம மாத்திரையை மட்டும் கூட்டிக்கிட்டே போனாலும் தப்பு, கண்ணை மூடிக்கிட்டு அதிக இன்சுலின் போட்டாலும் தப்பு. சரிவுல நின்னு மண்வெட்டி பிடிக்கிறவருக்கு சர்க்கரை திடீர்னு இறங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.
எண் மட்டும் போதாது. வகையும் தெரியணும்.

4/
இந்த விஷயம் நம்ம முன்னோருக்குத் தெரியாததும் இல்ல. சுஸ்ருத சம்ஹிதை இந்த நோயை ரெண்டாப் பிரிக்குது. பிறவியிலேயே வர்றது ஒண்ணு. அவங்க மெலிஞ்சு இருப்பாங்க. தவறான உணவுப் பழக்கத்தால வர்றது இன்னொண்ணு. அவங்க பருத்து இருப்பாங்க.
நோயோட பெயரையும் பாருங்க. இழிதல்னா இறங்குதல், வழிந்தோடுதல். நீர் இழிவதால் நீரிழிவு. கிரேக்கத்துல இருந்து வந்த 'டயாபடீஸ்'ங்கிற சொல்லுக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான்: ஊடே வழிந்து போவது. ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே அறிகுறியைப் பார்த்துப் பெயர் வெச்சிருக்கு.

5/
1880-ல் பிரெஞ்சு மருத்துவர் லான்செரோ "மெலிந்தவர் நீரிழிவு, பருத்தவர் நீரிழிவு"ன்னு ரெண்டாப் பிரிச்சார். பிரிச்சு என்ன பயன்? ரெண்டுக்கும் மருந்து கிடையாது. 1910-கள்ல அமெரிக்காவுல குழந்தைகளைப் பட்டினி போட்டு வெச்சிருந்தாங்க. நோயைக் குணப்படுத்த இல்ல, சாவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட.
1921-ல் டொரண்டோவுல இன்சுலின் பிரிச்செடுத்தாங்க. 1922 ஜனவரி 11-ல் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி. அதுக்கப்புறம் கதையே மாறிப்போச்சு.

6/
இங்க ஒருத்தரை உங்களுக்கு அறிமுகப்படுத்தணும். ராபின் லாரன்ஸ், லண்டன் மருத்துவர். 1920-ல் அவருக்கே சுகர்னு தெரிய வந்தது. இன்சுலின் இல்லாத காலம். மிச்சமிருக்கும் நாட்களைக் கழிக்க இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போய்ட்டார். 1923-ல் லண்டன்ல இருந்த நண்பர் "இன்சுலின் வந்தாச்சு, வேலை செய்யுது, சீக்கிரம் வா"ங்கிற பொருள்ல சேதி அனுப்பினார். காரை எடுத்துக்கிட்டு வந்து சேர்ந்தார். 1968 வரைக்கும் வாழ்ந்தார்.

7/
இன்சுலின் வந்ததும் ஒரு புதிர் முளைச்சது. சிலருக்குக் கொஞ்சம் போட்டாலே சர்க்கரை சரசரன்னு இறங்குது. சிலருக்கு எவ்வளவு போட்டாலும் அசைய மாட்டேங்குது.
1936-ல் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த், குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே நேரத்துல கொடுத்து சோதிச்சார். இன்சுலினுக்கு உடம்பு இணங்குற வகை, இணங்காத வகைன்னு ரெண்டு இருக்குன்னு எழுதினார். 1951-ல் போர்ன்ஸ்டைனும் நம்ம லாரன்ஸும் சேர்ந்து ரத்தத்துலயே அளந்து பார்த்தாங்க. ஒரு வகையினருக்கு இன்சுலினே இல்ல, இன்னொரு வகையினருக்கு இருக்கு. இன்னைக்கு நாம சொல்ற டைப் 1, டைப் 2-க்கு அடித்தளம் இதுதான்.

8/
ஆனா லாரன்ஸ் ஆய்வோட நிறுத்திக்கல. 1934-ல், தானும் நீரிழிவுக்காரரான எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோட சேர்ந்து பிரிட்டனில் நீரிழிவுக்காரர்களுக்குன்னு ஒரு சங்கம் தொடங்கினார். நோயாளிகளும் மருத்துவர்களும் ஒரே மேசையில உட்கார்ற சங்கம். அதுக்கு முன்னாடியே 1926-ல் போர்ச்சுகலில் மருத்துவர் எர்னஸ்டோ ரோமா, இன்சுலின் வாங்க வழியில்லாத ஏழைகளுக்காக லிஸ்பன்ல ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்.
நோய்க்குச் சரியான பெயர் தேடினவரே, அந்த நோயோட வாழ்றவங்க கூடி உட்கார ஒரு இடத்தையும் தேடினார். இது ரெண்டும் ஒரே வேலையோட ரெண்டு பாதின்னு நான் நினைக்கிறேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

9/
இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.
1948-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்குன்னே தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்துல ஒரு மருத்துவமனை. இந்தியாவுல இந்தத் துறைக்கு வழிபோட்டவர்னு அவரைச் சொல்வாங்க.
நோயாளிகள் குவியக் குவிய ஒரு விஷயம் தெரிய ஆரம்பிச்சது. லண்டன்ல செஞ்ச ரெண்டு பெட்டிக்குள்ள நம்ம ஆட்கள் எல்லாரும் அடங்கல.

10/
இது நம்ம ஊர்ல மட்டும் நடந்ததில்ல. 1955-ல் ஜமைக்காவுல ஹியூ-ஜோன்ஸ், ரெண்டு வகையிலும் சேராத மெலிந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1959-ல் இந்தோனேசியாவுல சுய்டெமா, ஊட்டச்சத்துக் குறைவானவர்களோட கணையத்துல கற்களும் கூடவே சுகரும் இருக்குறதைப் பதிவு செஞ்சார். பக்கத்துல கேரளாவுல மருத்துவர் கீவர்கீஸ் இதே மாதிரி ஏராளமான நோயாளிகளைப் பார்த்து, வாழ்நாள் முழுக்க இதை ஆராய்ந்தார்.
சின்ன வயசுல தீராத வயித்துவலி. வளர்ந்ததும் சுகர். எண்ணெய் மிதக்குற மாதிரி மலம். ஒட்டிப்போன உடம்பு. பல பேர் இளமையிலேயே இறந்துபோனாங்க.

11/
இந்தக் கணையக்கல் சுகரை பல நேரம் ஒரு சாதாரண வயித்து எக்ஸ்ரேயிலேயே கண்டுபிடிச்சிடலாம். முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையா கற்கள் தெரியும். விலை உயர்ந்த சோதனை எல்லாம் வேண்டாம். "சின்ன வயசுல அடிக்கடி வயித்துவலி வருமா?"ன்னு ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிஞ்சது.
மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுறதால வருதுன்னு ஒரு காலத்துல பலமா நம்பினாங்க. ஆனா மரவள்ளியே சாப்பிடாதவங்களுக்கும் வந்தது. பரம்பரைக் காரணங்களும் இருக்குன்னு பிறகு தெரிஞ்சது. அதனால கிழங்கு மேல பழி போடாதீங்க.

12/
1985-ல் உலக சுகாதார நிறுவனம் "ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நீரிழிவு"ன்னு ஒரு தனி வகையையே அறிவிச்சது. ஏழை நாட்டு நோயாளிக்குப் பட்டியல்ல ஒரு இடம் கிடைச்சது.
1999-ல் அதை எடுத்துட்டாங்க. ஊட்டச்சத்துக் குறைவுதான் நேரடிக் காரணம்ங்கிறதுக்கு ஆதாரம் போதலன்னு சொன்னாங்க. கணையக்கல் வகையைக் கணைய நோய்கள்ங்கிற தலைப்புக்கு மாத்தினாங்க. மிச்சப்பேர்? டைப் 1-க்கோ டைப் 2-க்கோ போய்ச் சேர்ந்தாங்க. பட்டியல்ல பெயர் இல்லன்னா பாடப்புத்தகத்துல இடம் இல்ல, ஆராய்ச்சிக்குப் பணமும் இல்ல. ஆனா அந்த நோயாளி மட்டும் வந்துக்கிட்டேதான் இருந்தார்.

13/
அதே 1985-ல் சென்னையில இருந்து இன்னொரு கட்டுரை வந்தது. மோகன், ராமச்சந்திரன், சினேகலதா முதலானோர் எழுதினது. இளம் வயசுல வந்தும் இன்சுலின் தேவைப்படாத, பாட்டன், அப்பா, மகன்னு தலைமுறை தலைமுறையா வர்ற ஒரு சுகர். பெயர் 'மோடி'. (அரசியல் இல்லைங்க, ஆங்கில எழுத்துகளோட சுருக்கம்தான்.) 1970-கள்ல லண்டனிலும் அமெரிக்காவிலும் அடையாளம் கண்ட வகை. அது நம்ம மக்கள்கிட்டயும் இருக்குன்னு அந்தக் கட்டுரை சொன்னது.
பின்னாடி மரபணுச் சோதனை வந்தப்போ, அப்படி நினைச்சவங்கள்ல ஒரு பகுதிதான் உண்மையான மோடின்னு தெரிஞ்சது. மத்தவங்க பலருக்கு வந்தது சீக்கிரமே வந்த டைப் 2.

14/
"மரபணுவைப் பார்த்து என்னங்க ஆகப்போகுது?"ன்னு கேட்கலாம். ஆகும்.
மோடியில சில வகைகளுக்கு, பல வருஷமா நாம கொடுக்குற விலை மலிவான சல்பனைல்யூரியா மாத்திரையே நல்லா கேட்கும். பிறந்த ஆறு மாசத்துக்குள்ள சுகர் வர்ற பச்சைக் குழந்தைகள் கதை இன்னும் ஆச்சரியம். 2004-ல் அதுக்கான ஒரு மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. 2006-ல் அந்த மரபணு மாற்றம் உள்ளவங்கள்ல பெரும்பாலானோரை ஊசியில இருந்து மாத்திரைக்கு மாத்த முடியும்னு நிரூபிச்சாங்க. பிறந்ததுல இருந்து ஊசி குத்திக்கிட்டு இருந்த பிள்ளைக்கு ஊசியே வேண்டாம். சரியான பெயர் கிடைச்சதால வந்த பலன்.

15/
இதுக்கு நேர் எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். 1974-ல் லண்டன்ல பொட்டாட்ஸோவும் டோனியாக்கும் குழுவினரும், இன்சுலின் சுரக்குற செல்களைத் தாக்குற எதிர்ப்பொருட்களை ரத்தத்துல கண்டாங்க. டைப் 1-ங்கிறது உடம்போட பாதுகாப்புப் படையே தன் கணையத்தை அழிக்கிற நோய்னு தெளிவாச்சு. அது குழந்தைகளுக்கு மட்டும் வர்றதில்ல. முப்பது, நாற்பது வயசுல மெதுவாவும் வரலாம். அவங்களை டைப் 2-ன்னு நினைச்சு மாத்திரை மேல மாத்திரை ஏத்திக்கிட்டே போவோம். சர்க்கரை இறங்காது. "நீங்க வாயைக் கட்டல"ன்னு திட்டும் வாங்குவாங்க. பாவம், அவங்க மேல தப்பே இல்ல.

16/
சரி, பட்டியல்ல இருந்து எடுத்துட்ட அந்த ஒல்லி நோயாளி என்ன ஆனார்?
வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில நிஹால் தாமஸ் குழுவினர் அவரை விடல. நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவோட சேர்ந்து, ரொம்ப நுணுக்கமான முறையில அளந்தாங்க. 2022-ல் முடிவு வெளியாச்சு. இவங்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு, அதனால டைப் 2 மாதிரி இல்ல. எதிர்ப்பொருள் தாக்குதலும் இல்ல, அதனால டைப் 1-உம் இல்ல. கிடைக்கிற கொஞ்ச இன்சுலினுக்கு உடம்பு நல்லாவே இணங்குது.
1955-ல் ஜமைக்காவுல கேட்ட கேள்விக்கு 67 வருஷம் கழிச்சு வேலூர்ல பதில்.

17/
2025 ஜனவரியில இதுக்காகவே வேலூர்ல ஒரு சர்வதேசக் கூட்டம். ஏப்ரல்ல பாங்காக் மாநாட்டுல சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதுக்கு 'டைப் 5'ன்னு பெயர் கொடுத்தது. உலகம் முழுக்க 2 முதல் 2.5 கோடி பேருக்கு இருக்கலாம்னு மதிப்பிடுறாங்க. எல்லா நிபுணர்களும் இன்னும் ஒத்துக்கல, விவாதம் நடக்குது. சிகிச்சை நெறிமுறையும் இனிமேதான் முழுசா வரணும்.
ஒரு எச்சரிக்கை: "நான் ஒல்லி, அப்போ எனக்கு டைப் 5"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நம்ம ஊர்ல ஒல்லியா இருக்குறவங்களுக்கும் டைப் 2 தாராளமா வரும். கை கால் ஒல்லி, வயித்துக்குள்ள கொழுப்பு. அது நம்ம உடல்வாகு.

18/
2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. பெரும்பாலானவங்களுக்கு டைப் 2-தான். அதனால எல்லாருக்கும் எல்லா டெஸ்டும் வேண்டாம். ஆனா கீழே இருக்குறதுல ஒண்ணு உங்களுக்குப் பொருந்தினா, "டாக்டர், எனக்கு எந்த வகை?"ன்னு கேளுங்க. அது உங்க உரிமை.

• சுகர் வந்தப்போ வயசு 30-க்குக் கீழே
• ஒல்லியான உடம்பு, அல்லது எடை வேகமா குறையுது (இதுக்குச் சளிப் பரிசோதனையும் செஞ்சு காசநோய் இருக்கான்னு பார்க்கணும்)
• சின்ன வயசுல இருந்து வயித்துவலி, எண்ணெய்ப் பசையோட மலம்
• மூணு தலைமுறையா இளம் வயசுலயே சுகர்
• ஒழுங்கா மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவே இல்ல
• குழந்தை பிறந்து ஆறு மாசத்துக்குள்ள சுகர்

19/
என்ன சோதனை? சிறுநீர்ல கீட்டோன். வயித்து எக்ஸ்ரே அல்லது ஸ்கேன். ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் சோதனை. உடம்பு சொந்தமா எவ்வளவு இன்சுலின் சுரக்குதுன்னு காட்டுற சி-பெப்டைட். சர்க்கரை தாறுமாறா இருக்கும்போது சி-பெப்டைட் குறைவாக் காட்டலாம், அதனால சில மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.
மலையில எல்லாமே கிடைக்காது. தேனி, திண்டுக்கல், மதுரை மருத்துவக் கல்லூரிகளுக்கு இறங்கணும். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், தெரியும். ஆனா அந்த ஒரு பயணம் முப்பது வருஷ சிகிச்சையோட திசையை மாத்தலாம்.
எந்த வகைன்னு தெரியுற வரைக்கும் ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க.

20/
அப்பா அம்மாக்களுக்குத் தனியா ஒரு வரி. பிள்ளை அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது, தண்ணி தண்ணின்னு கேட்குது, நிறுத்தியிருந்த படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்துடுச்சு, இளைக்குது... அன்னைக்கே சுகர் பாருங்க. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறதுன்னு வந்துட்டா அதை அஜீரணம்னு நினைச்சு வீட்டு வைத்தியம் பார்க்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி. ராத்திரியா இருந்தாலும் சரி.

21/
சரி, பெயர் கிடைச்சாச்சு. அப்புறம்?
இங்கதான் லாரன்ஸ் செஞ்ச ரெண்டாவது வேலை வருது. டாக்டர் உங்களோட இருக்குறது மாசத்துல சில நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் நோயோட நீங்கதான் வாழணும். அந்த நேரத்துக்கு, அதே வழியில நடந்த இன்னொருத்தர் வேணும்.
கேரளாவுல 60 வாக்குச்சாவடிப் பகுதிகள்ல 1007 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. சுகர் வர வாய்ப்பு அதிகம் உள்ளவங்களைக் குழுக்களாச் சேர்த்து, அதே ஊர்க்காரங்களுக்கே பயிற்சி கொடுத்து வழிநடத்த விட்டாங்க. முடிவு 2018-ல் வந்தது. ரெண்டு வருஷத்துல சுகர் வர்றது ஓரளவு குறைஞ்சது, ஆனா அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல. இதை மறைக்கக் கூடாது. பழக்கவழக்கங்கள்ல சில நல்ல மாற்றம் தெரிஞ்சது. கூட்டம் மருந்து இல்ல. மருந்தையும் பத்தியத்தையும் விடாம பிடிச்சுக்க வைக்கிற கை.

22/
நம்ம மாநிலத்துல 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினாங்க. மாத்திரை கொண்டு வர்றது சுயஉதவிக் குழுவுல இருந்து வந்த பெண்கள். உங்க ஊர் அக்காதான். அவங்ககிட்ட மாத்திரையை மட்டும் வாங்கி வெக்காதீங்க, உங்க சந்தேகத்தையும் சொல்லி அனுப்புங்க.
டைப் 1 பிள்ளைகளுக்குக் கோவையில இதயங்கள் அறக்கட்டளை இலவசமா இன்சுலின் கொடுத்து உதவுது. அரசு மருத்துவமனைகள்லயும் இன்சுலின் இலவசம்தான். ஊசி போட்டுக்கிற இன்னொரு பிள்ளையைப் பார்க்குற அன்னைக்குத்தான் ஒரு பிள்ளைக்கு "நான் மட்டும் இல்ல"ன்னு புரியும். அதை எந்தச் சீட்டுலயும் எழுதித் தர முடியாது.

23/
கூட நடக்குறவங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச சங்கதிகள் உண்டு. மலையில சிலது சொல்றேன்.
• பயன்பாட்டுல இருக்குற இன்சுலினுக்கு இங்க ஃப்ரிட்ஜ் இல்லன்னு பயப்படாதீங்க, நம்ம குளிரே போதும். ஆனா டிசம்பர், ஜனவரி உறைபனியில அது உறைஞ்சுடக் கூடாது. உறைஞ்சா தூக்கிப் போட்டுடுங்க. வத்தலக்குண்டு, பழனின்னு கீழே இறங்கும்போது வெயில்ல வெக்காதீங்க.
• விரல் சில்லுன்னு இருந்தா ரத்தம் வராது. வெந்நீர்ல கை கழுவிட்டுக் குத்துங்க.
• தோட்ட வேலைக்குப் போறவங்க மடியில சர்க்கரையோ மிட்டாயோ இருக்கணும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரை. கூட வேலை செய்றவங்களுக்கும் இதைச் சொல்லி வையுங்க.

24/
ஆனா ஒண்ணு. "நான் இன்சுலினை நிறுத்திட்டு மலைப்பூண்டு மட்டும் சாப்பிட்டேன், சரியாப்போச்சு"ன்னு சொல்றவர் துணை இல்ல. அவர் வகை வேற, உங்க வகை வேற. இவ்வளவு நீள வரலாறு சொன்னதே இதுக்குத்தான். ஒருத்தருக்குப் பலிச்சது இன்னொருத்தர் உயிரை எடுக்கலாம். துணை தேடுங்க, முதல்ல உங்க வகையைத் தெரிஞ்சுக்கிட்டு.

25/
தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை வர்றவங்களைப் பார்த்திருப்பீங்க. யாரும் தனியா வர்றதில்ல. முன்னாடி பல வருஷம் நடந்தவர் புதுசா நடக்குறவருக்கு எங்க தங்கணும், எங்க தண்ணி கிடைக்கும்னு சொல்லிக் கொடுத்துக்கிட்டே வருவார். ஆனா நடக்க வேண்டியது அவங்கவங்க கால்தான். சுகரும் அப்படித்தான்.
(சுகர் உள்ளவங்க வெறுங்காலோட நடக்காதீங்க. முருகன் கோச்சுக்க மாட்டார்.)

26/
அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரும்போது ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, "எனக்கு எந்த வகை?"ன்னு கேட்டு, பதிலை உங்க நோட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க. ரெண்டு, மருந்து வரிசையில பக்கத்துல நிக்கிறவர்கிட்ட "உங்களுக்கு எத்தனை வருஷமா?"ன்னு பேச்சு கொடுங்க.
உங்க வீட்டுல இளம் வயசுல சுகர் வந்தவங்க இருந்தா இந்தத் திரியை அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.